மாப்பிள்ளையின் சட்டைப் பொத்தான்

என் மகளின் குடும்பத்தை ஒரு சட்டைப் பொத்தானை வைத்துக் கலைக்கப் பார்த்தவன் நான். வேறு யாரும் தூண்டவில்லை. படித்தவன், வயதானவன், நிதானமானவன் என்று ஊரில் பெயர் வாங்கியவன் தனியாகவே செய்த காரியம் இது.

கடலூரில் ஒரு கல்லூரியில் முப்பத்திரண்டு வருடம் ஆங்கிலம் நடத்தினேன். ஓய்வுக்குப் பிறகு மஞ்சக்குப்பம் வீட்டில் நான் மட்டும். மனைவி காலமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. பொழுதுக்காக நான் பிடித்துக்கொண்டது சொற்களின் பூர்வீகம். பழைய மாணவர்கள் நடத்திய சிறு இதழ் ஒன்றில் மாதம் ஒரு சொல்லைப் பற்றி எழுதிவந்தேன். ஆணி, கொக்கி, தாழ், ஊக்கு என்று மாட்டுவதற்கும் பூட்டுவதற்குமான சொற்களாகவே எடுத்துக்கொண்டிருந்த வருடம் அது. அந்த வரிசையில் பட்டன் வந்தது.

பட்டன் என்ற சொல் ஆங்கிலத்தின் சொந்தப் பிள்ளை இல்லை. பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே அதற்கு மொட்டு என்றும் பொருள், முகத்தில் வரும் பரு என்றும் பொருள். அதற்கும் பின்னால் போனால் முட்டுவது, தள்ளுவது என்ற ஒரு வினை கிடைக்கிறது. கிளையில் முட்டிக்கொண்டு வந்தால் மொட்டு, கன்னத்தில் வந்தால் பரு, துணியில் நின்றால் பட்டன். ஐரோப்பாவில் நெடுங்காலம் அதை அழகுக்குத்தான் தைத்து வைத்தார்களாம். அதை நுழைத்து மூட எதிர்ப்பக்கத்தில் ஒரு துளை வேண்டும் என்பது பிறகுதான் யாருக்கோ தோன்றியிருக்கிறது. இன்று லிஃப்டில் விரலால் அமுக்குகிறோமே, அதற்கும் அதே பெயர். தள்ளுவதில் தொடங்கிய சொல் ஊரெல்லாம் சுற்றிவிட்டுத் தள்ளுவதற்கே திரும்பியிருக்கிறது.

நம்முடைய பொத்தான் ஆங்கிலத்திலிருந்து வந்ததல்ல. போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்தது. அவர்கள் மொழியிலும் மொட்டுக்கும் பொத்தானுக்கும் ஒரே சொல்தான். சாவி, அலமாரி, ஜன்னல், மேசை எல்லாம் அதே கப்பலில் வந்து இறங்கியவை. இறங்கிய துறைகளில் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பரங்கிப்பேட்டையின் பெயரிலேயே பரங்கி இருக்கிறார்.

என்னோடு வேலை பார்த்த தமிழ்த்துறை நண்பர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். "பொத்தறதுன்னா மூடறது. சட்டையப் பொத்தறது பொத்தான். இதுக்கு எதுக்குய்யா கப்பலு?" என்பார். அவருக்கு நான் எப்போதும் சொல்லும் பதில் ஒன்று உண்டு. சாயல் உறவாகாது. இரண்டு சொற்கள் ஒரே ஜாடையில் இருந்தால் சந்தேகப்படலாம், தீர்ப்புச் சொல்லக் கூடாது. சாட்சி கிடைக்காவிட்டால் பிறப்புத் தெரியவில்லை என்று எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விட வேண்டும். நல்ல அகராதிக்காரர்கள் அப்படித்தான் செய்வார்கள். ஒரு சொல்லுக்குக் கொடுத்த அந்த நியாயத்தை நான் என் மாப்பிள்ளைக்குக் கொடுக்கவில்லை.

மாப்பிள்ளைக்குச் சிதம்பரத்தில் மோட்டார் பட்டறை. இறால் பண்ணைக் குட்டைகளில் தண்ணீரை அடித்துக் காற்று ஏற்றும் சக்கரங்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றின் மோட்டாரைப் பழுது பார்ப்பதில் கெட்டிக்காரர். மகள் அதே ஊரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். கல்யாணமாகி நாலு வருடம் ஆகியும் குழந்தை இல்லை. அதைப் பற்றி யார் கேட்டாலும் அவள் முகம் சட்டென்று மாறிவிடும். அதைக் காரணமாக வைத்துப் புருஷன் வேறொருத்தியிடம் போய்விடுவாரோ என்று அவள் பயந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியும். அப்படித் தெரிந்திருந்தும்தான் நான் அதைச் செய்தேன்.

மாப்பிள்ளைமேல் எனக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு சந்தேகக் கண் இருந்தது. பெண் கேட்டு அப்பா மட்டும்தான் வந்தார். அம்மா சின்ன வயதிலேயே தவறிவிட்டதாகச் சொன்னார்கள். மறுவீட்டுக்குப் போனபோது பார்த்தேன். கூடத்தில் தாத்தா படமும் பாட்டி படமும் மாலையோடு தொங்கின, சின்ன விளக்கு எரிந்தது. அம்மா படம் இல்லை. செத்துப்போன தாய்க்குப் படம் இல்லாத வீடு உண்டா? கேட்டேன். அப்பா பார்த்தால் அழுவார், அதனால் உள்ளே எடுத்து வைத்திருக்கிறோம் என்று மாப்பிள்ளை சொன்னார். கல்யாணமான இரண்டாம் வருடம் அந்த அப்பாவும் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகும் அம்மா படம் கூடத்துக்கு வரவில்லை.

அடுத்த ஆடி அமாவாசைக்கு அவரை நான்தான் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு அழைத்துப் போனேன். எள்ளும் தண்ணீரும் விட மணலில் நூறு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மந்திரம் சொல்லி வைக்கிறவர் ஒவ்வொருவரிடமும் அவசர அவசரமாகப் பெயர் கேட்டுக்கொண்டே வந்தார். மாப்பிள்ளையிடம் அப்பா பெயரைக் கேட்டுவிட்டு அம்மா பெயரைக் கேட்டார். மாப்பிள்ளை கடலைப் பார்த்தார்.

"அப்பாவுக்கு மட்டும் பண்ணுங்க சாமி," என்றார்.

பெற்றவளுக்கு ஒரு கை தண்ணீர் விட மனசில்லாத ஆள் கட்டியவளை எப்படி வைத்துக்கொள்வான் என்று எனக்குள் கணக்கு ஓடியது. வீட்டுக்கு வந்து அதை மகளிடமும் சொன்னேன். அவருக்கு அம்மா ஞாபகம் வந்தால் தாங்காதுப்பா, விடு என்றாள். எனக்கு விட மனமில்லை.

பொத்தான் இதற்குப் பிறகு வந்தது. ஒரு பிரதோஷத்தன்று மூவரும் சிதம்பரம் கோயிலுக்குப் போனோம். கனகசபைமேல் ஏறுவதென்றால் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். முட்டி வலியால் நான் ஏறவில்லை. மாப்பிள்ளை சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு மகளோடு படியேறினார். கூட்டத்தில் நின்றபடி அந்த வெள்ளைச் சட்டையைத் தடவிக்கொண்டிருந்தேன். மேலிருந்து மூன்றாவது பொத்தானில் விரல் நின்றது.

மற்றவை மெஷினில் அடித்தவை. வெள்ளை நூல் இரண்டு கோடாக ஓடியது. இது கையால் தைத்தது. நூல் சந்தன நிறம், பெருக்கல் குறி போலப் போட்டிருந்தது. அடியில் நூலை ஏழெட்டுச் சுற்றுச் சுற்றிச் சின்னக் காம்பு போல நிறுத்தியிருந்தார்கள். பொத்தான் துணியில் ஒட்டிக் கிடக்காமல் மொட்டு மாதிரி எழும்பி நின்றது. அப்போதுதான் மொட்டைப் பற்றி எழுதிவிட்டு வந்திருந்தேன், என் கண்ணுக்கு அது தப்புமா. என் மகளுக்கு ஊசி பிடிக்க வராது. அறுந்த இடத்தில் ஊக்கைக் குத்திவிட்டுப் பள்ளிக்கு ஓடுகிறவள். அப்படியானால் இது யார் கை? பொறுமையான கை, அவசரமில்லாத கை. சட்டைக்காரன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, தைத்து முடித்து, குனிந்து பல்லால் நூலைக் கடித்த ஒரு பெண்ணை அந்தக் கூட்டத்தில் நின்றே நான் முழுசாகப் பார்த்துவிட்டேன்.

சட்டையைத் திருப்பிக் கொடுக்கும்போது சும்மா கேட்பது போலக் கேட்டேன்.

"இந்தப் பட்டன் நல்லாத் தச்சிருக்கு மாப்ள. யாரு?"

பொத்தான் போட்டுக்கொண்டிருந்த அவர் விரல் ஒரு கணம் நின்றது. "பட்டறைக்கு எதுத்தாப்புல ஒரு டெய்லர் இருக்காரு மாமா," என்றார்.

அடுத்த வாரமே அந்த டெய்லரிடம் போனேன். என் சட்டையில் ஒரு பொத்தானை நானே அறுத்துக்கொண்டு போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர் அதை வாங்கி மெஷினுக்கு அடியில் வைத்து ஒரு நொடியில் அடித்துக் கொடுத்தார். கையால் தைக்க மாட்டீர்களா என்றேன். சிரித்தார். "கையில யாரு சார் இப்ப தைக்கறா? அதுக்கு ஒக்காந்தா பொழப்பு ஓடுமா?" என்றார்.

ஆக, மாப்பிள்ளை சொன்னது பொய். ஒரு பொய் கையில் கிடைத்தால் என்னைப் போன்ற ஆளுக்குப் போதும். அதன்பின் மகள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கொடியில் காயும் சட்டைகளைப் பார்த்தேன். மகள் பள்ளிக்குப் போன நேரத்தில் அலமாரியைத் திறந்தும் பார்த்தேன். மூன்று சட்டைகளில் அதே காம்பு. ஒன்றில் காலர் ஓரம் பிரிந்ததைக்கூட அதே நூலில் எடுத்துத் தைத்திருந்தது. அவர் ஒவ்வொரு வியாழனும் பரங்கிப்பேட்டைப் பக்கம் பண்ணை வேலை என்று போகிறார், சாயங்காலம்தான் திரும்புகிறார், அன்றைக்கு மட்டும் மதியச் சாப்பாடு கட்டிக்கொண்டு போவதில்லை. இதையெல்லாம் மகளிடமிருந்து ஒவ்வொன்றாகக் கறந்தேன். எதற்குக் கேட்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது.

ஒரு வியாழக்கிழமை பரங்கிப்பேட்டைக்குப் பஸ் ஏறினேன். கட்டுரைக்காகப் போகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அதில் பாதி உண்மைதான். பொத்தான் நுழையும் துளையைத் தையல்காரர்கள் காஜா என்கிறார்களே, அதுவும் போர்ச்சுக்கீசியச் சொல்தான் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மொழியில் வீட்டுக்கும் அதே சொல்லாம். பொத்தானுக்கு ஒரு வீடு. அதை அந்த ஊர்த் தையல்காரர் யாரிடமாவது பேசிப் பார்க்கலாம் என்று நினைத்திருந்தேன்.

கடைத்தெருவில் ஒரு வயதான பாய் கடை வைத்திருந்தார். காஜாவைப் பற்றிக் கேட்டதற்கு, அதெல்லாம் அத்தா காலத்திலிருந்து சொல்கிறோம், எங்கிருந்து வந்ததோ அல்லாவுக்குத்தான் தெரியும் என்றார். பெரிய பெரிய புத்தகங்களில் நான் படித்த பதில்களைவிட அது நேர்மையான பதில். பிறகு நான் மெதுவாகக் கையால் தைக்கும் பொத்தானைப் பற்றியும் அடியில் காம்பு சுற்றுவதைப் பற்றியும் பேச்சை இழுத்தேன்.

"காம்பு சுத்தியா?" என்றார். "அது கோடித் தெருவு அம்மாதான். எங்க கடை புர்காவுக்குப் பூராப் பட்டனும் ஹூக்கும் அவுங்க கைதான். புடிச்சு இழுத்தாலும் வராது."

வீட்டுக்கு வழி கேட்டுக்கொண்டேன். அந்தப் பெண்ணுக்கு வயது என்ன என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எல்லாம் அந்தக் கடையிலேயே முடிந்திருக்கும். கேட்காதது மறதியா என்று பல நாள் யோசித்துப் பார்த்துவிட்டேன். மறதி இல்லை. எனக்குப் பிடிக்காத பதில் வந்துவிடுமோ என்ற பயம்தான்.

கோடித் தெருவில் ஓட்டு வீடு ஒன்றின் முன்னால் மாப்பிள்ளையின் பைக் நின்றது. எதிரில் மூடிக் கிடந்த ஒரு வீட்டின் நிழலில் நின்றேன். கதவு திறந்திருந்தது. மாப்பிள்ளை பனியனோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முதுகைக் காட்டியபடி ஒரு பெண் பரிமாறினாள். ஒல்லியான உடம்பு. மஞ்சள் சேலை, தலைப்பைத் தலைமேல் இழுத்து முக்காடாகப் போட்டிருந்தாள். சாப்பிட்டு எழுந்து அவர் சட்டையை மாட்டினார். அவள் கையை நீட்டிக் காலரைச் சரிசெய்தாள். அவர் குனிந்து கொடுத்தார்.

அவ்வளவுதான் நான் பார்த்தது. முகத்தைப் பார்க்கவில்லை. தலைமுடி நரைத்ததா கறுத்ததா என்றுகூடத் தெரியாது. இன்னும் ஐந்து நிமிடம் நின்றிருந்தால் அவள் திரும்பியிருப்பாள். பார்த்தது போதும் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

அன்று சாயங்காலம் சிதம்பரத்தில் இறங்கி மகள் வீட்டுக்குப் போனேன். அவர் இன்னும் வரவில்லை. பொத்தானிலிருந்து ஆரம்பித்து, டெய்லர், வியாழக்கிழமை, கோடித் தெரு எல்லாவற்றையும் வகுப்பில் பாடம் நடத்துவது போல வரிசையாகச் சொன்னேன். அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தாள். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"வயசு எவ்ளோ இருக்கும்ப்பா?"

"முப்பத்தஞ்சு இருக்கும்," என்றேன்.

இதைவிடப் பெரிய பாவம் என் வாழ்க்கையில் நான் செய்ததில்லை. தெரியாது என்று சொல்ல வேண்டிய இடம் அது. வாழ்நாளெல்லாம் மாணவர்களுக்கு அதைத்தான் சொல்லிக் கொடுத்தேன். ஆனால் இத்தனை தூரம் நிரூபித்துக்கொண்டு வந்துவிட்டுக் கடைசிக் கேள்விக்கு விடை இல்லை என்று சொல்ல என் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

"குழந்தை இருந்துச்சா அங்க?" என்று மறுபடி கேட்டாள். இல்லை என்றேன். அதையும் நான் பார்த்திருக்கவில்லை.

அன்றே பையில் நாலு சேலையை எடுத்துக்கொண்டு என்னோடு கடலூர் வந்துவிட்டாள். மறுநாள் மாப்பிள்ளை வந்தார். அவள் உள்ளறையை விட்டு வெளியே வரவில்லை. நான்தான் பேசினேன், பேசினேன் என்பதைவிட விசாரித்தேன். பரங்கிப்பேட்டைக்குப் போனீரா, போனேன். அங்கே ஒரு பெண் இருக்கிறாளா, இருக்கிறார்கள். யார் என்று கேட்டேன். அப்பாவுக்கு ஒரு சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன், அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு வந்து சொல்கிறேன், இரண்டு நாள் பொறுங்கள் என்றார். அந்தப் பெண்ணிடம் அனுமதி வாங்கிக்கொண்டு வருவீரோ என்று நான் கேட்டேன். அதற்கு அவர் முகத்தில் வந்த கோபத்தைக் குற்றவாளியின் கோபம் என்று எடுத்துக்கொண்டேன்.

போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "பின்னாடியே வந்து பாத்தீங்க இல்ல மாமா. கதவத் தட்டியிருக்கலாம்."

மூன்றாம் நாள் காலை பதினொரு மணி இருக்கும். மகள் லீவு எழுதிக் கொடுக்கச் சிதம்பரம் போயிருந்தாள். வாசலில் யாரோ அழைத்தார்கள். கேட்டுக்கு வெளியே அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் நின்றிருந்தார். ஒல்லி. மஞ்சள் சேலை. முக்காடு விலகியிருந்தது. தலை பூராவும் நரை. மாப்பிள்ளையின் மூக்கும் தாடையும் அப்படியே அந்த முகத்தில் இருந்தன.

"நானு உங்க மாப்ளையோட அம்மாங்க," என்றார்.

கேட்டைத் திறந்தேன். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. வாசற்படி வரை அவராகவே வந்து நின்றுகொண்டார். வெயிலில் வந்த மனுஷிக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்காத ஒரு வீடு எங்கள் பக்கத்தில் கிடையாது. நான் கேட்கவில்லை.

அவர் பேசியது கொஞ்சம்தான். பையனுக்குப் பதினோரு வயதாக இருக்கும்போது வீட்டை விட்டு வேறொருவரோடு போய்விட்டதாகச் சொன்னார். அதற்கான காரணத்தைச் சொல்லவில்லை. புருஷன் வீட்டார் ஆற்றில் இறங்கித் தலை முழுகிவிட்டார்கள், அன்றிலிருந்து செத்தவர் கணக்கு. கூடப் போன மனிதரும் பிறகு காலமாகிவிட்டார். பரங்கிப்பேட்டையில் தனியாகத் தைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தவரைக் கல்யாணத்துக்கு ஒரு வருடம் முன்னால் மகன் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார். கல்யாணத்தில் அவளைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்று அப்பா சத்தியம் வாங்கிக்கொண்டார்.

"எம் புள்ள மேல தப்பு இல்லிங்க ஐயா. நான் இருக்கறதுதான் தப்பாப் போச்சு. பொண்ண அனுப்பி வைங்க. வேணும்னா நான் இந்தப் பக்கமே இல்லாம போயிடறன்."

அவர் என்னைச் சம்பந்தி என்று கூப்பிட்டிருக்க வேண்டும். ஐயா என்றார்.

அந்த நேரத்தில் எனக்குள் என்ன ஓடியது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். படம் இல்லாத கூடமும், உயிரோடிருக்கும் தாய்க்கு எள் இறைக்க மனம் வராமல் கடலைப் பார்த்த பிள்ளையின் முகமும் எனக்கு ஒரே நொடியில் விளங்கிவிட்டன. அதோடு இன்னொன்றும் விளங்கியது. என் மகள் சாயங்காலம் திரும்பி வருவாள். இந்த முகத்தைப் பார்ப்பாள். முப்பத்தைந்து வயது என்று சொன்னாயே அப்பா என்பாள்.

"அதுதாம்மா எல்லாருக்கும் நல்லது," என்றேன்.

அவர் தலையாட்டினார். "கண்ணாலத்துல எடுத்த போட்டோ எதனா இருந்தா ஒருவாட்டி பாத்துட்டுப் போவட்டுங்களா? மருமவ மூஞ்சிய நான் பாத்ததில்ல," என்று கேட்டார்.

எல்லாம் சிதம்பரத்தில் இருக்கிறது என்றேன். எனக்குப் பின்னால் கூடத்துச் சுவரில் பெரிய படமாக அது மாட்டியிருந்தது. அவர் நின்ற இடத்திலிருந்து கண்ணாடி ஓரம் தெரிந்துகூட இருக்கலாம். கும்பிட்டுவிட்டு இறங்கினார். நான் கதவைச் சாத்தினேன்.

மகள் வந்ததும், நான் தப்பாகப் பார்த்துவிட்டேன், அது அவருடைய அம்மாவாம் என்று சொன்னேன். உனக்கு எப்படித் தெரியும் என்றாள். பரங்கிப்பேட்டை பாயிடம் போனில் விசாரித்தேன் என்றேன். ஒரு பொய்யை மறைக்க இன்னொன்று. அவள் என்னைத் திட்டவில்லை. அழுதாள், சிரித்தாள், மறுநாள் விடியற்காலைப் பஸ்ஸிலேயே போய்விட்டாள். அந்த வியாழக்கிழமை அவர்கள் இருவருமாகப் பழமும் பூவும் வாங்கிக்கொண்டு கோடித் தெருவுக்குப் போனார்கள். வீடு பூட்டியிருந்தது. தையல் மெஷினைப் பாய் கடையில் விட்டுவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார். போன் அணைந்திருந்தது.

ஒரு வருடம் தேடினார்கள். அந்த அம்மாளுக்கு நாகப்பட்டினம் பக்கம் தூரத்துச் சொந்தம் உண்டு என்பதால் சீர்காழி, மயிலாடுதுறை, காரைக்கால், நாகூர் என்று தையல் கடை தையல் கடையாக ஏறி இறங்கினார்கள். கையில் ஒரு போட்டோகூட இல்லை. மருமகள் கண்ணில் பட்டுவிடும் என்று பயந்து, போனில் படம் எடுக்க அவர் ஒருநாளும் விட்டதில்லையாம். நான் அவர்கள் வீட்டுக்குப் போவேன், வருவேன், எங்கே தேடினீர்கள் என்று கேட்டுக்கொள்வேன். பட்டனுக்கு வாயை மூடு என்ற பொருளிலும் ஆங்கிலத்தில் ஒரு வழக்கு உண்டு. அதைக் கட்டுரையில் சேர்த்து முடித்து இதழுக்கும் அனுப்பினேன். நன்றாக இருக்கிறது என்று நாலு பேர் பாராட்டினார்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சிதம்பரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அதற்கு முந்தின நாள்தான் வேளாங்கண்ணி வரைக்கும் போய் வெறுங்கையோடு திரும்பியிருந்தார்கள். மாப்பிள்ளை சோற்றைப் பிசைந்தபடி பொதுவாகச் சொன்னார். "என்னாலதான். இவ கோச்சிக்கினு போயிட்டான்னு நான்தான் அம்மாகிட்ட போன்ல சொல்லித் தொலைச்சன். வாய மூடிக்கினு இருந்திருந்தா அவுங்க பாட்டுக்கு அங்கயே இருந்திருப்பாங்க."

ஒரு வருடமாக அவர் அதைத் தன்மேல் போட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அதுவரை தெரியாது. சொன்னேன். அந்த அம்மாள் வந்தது, நின்றது, கேட்டது, நான் சொன்னது, கூடத்துப் படம், எல்லாவற்றையும் சொன்னேன். மகள் ரசக் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.

"அப்ப முப்பத்தஞ்சுன்னு சொன்னது?" என்றாள்.

"மூஞ்சிய பாக்கலம்மா."

அவள் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள். மாப்பிள்ளை திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். எழுந்து போவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"கையில என்னா வச்சிருந்தாங்க?"

"ஒரு பை. துணிப்பை."

"பெருசா?"

யோசித்துப் பார்த்தேன். பெரிய பைதான். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். கும்பிடும்போது அதைக் கீழே வைத்துவிட்டுத்தான் கும்பிட்டார். வீட்டைக் காலி செய்துகொண்டுதான் வந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது.

"எந்தப் பக்கம் போனாங்க?"

தெரியாது, கதவைச் சாத்திவிட்டேன் என்றேன்.

மாப்பிள்ளை மகளைப் பார்த்தார். "எல்லாத்தையும் எடுத்துக்கினு கடலூர் வந்திருக்காங்க. நாகப்பட்டினம் போறவங்க கடலூருக்கு எதுக்கு வரணும்? அங்கேர்ந்து வடக்கதான் போயிருக்கணும். நாம ஒரு வருசமா தெக்கயே தேடிக்கினு இருக்கம்." சத்தம் போட்டுச் சொல்லவில்லை. மோட்டாரில் கோளாறு எங்கே என்று கண்டுபிடித்தவர் போலச் சொன்னார். பிறகு கை கழுவ எழுந்து போனவர் ரொம்ப நேரம் குழாயடியிலேயே நின்றார்.

அன்றைக்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. மகள் மூன்று நாள் கழித்துப் போன் செய்தாள். அவர் விழுப்புரம், திண்டிவனம் பக்கம் பார்க்கிறார், நான் பாண்டிச்சேரி பார்க்கப் போகிறேன் என்றாள். போய்வா என்றேன். நான் வரட்டுமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

"எனக்கு அவுங்க மூஞ்சி தெரியாதுப்பா," என்றாள். "உனக்குத் தெரியும். கௌம்பி வா."

இப்போது சனிக்கிழமைகளில் நானும் அவளும் பாண்டிச்சேரியில் நடக்கிறோம். புர்கா தைக்கும் கடைகள், பிளவுஸ் கடைகள், வீட்டில் வைத்துக் கைத்தையல் செய்கிறவர்கள் இருக்கும் சந்துகள். வழியில் அவள் என்னோடு வேறு எதுவும் பேசுவதில்லை. யாராவது ஒரு வயதான பெண் குனிந்து தைத்துக்கொண்டிருந்தால் நின்று, "இவுங்களா?" என்று மட்டும் கேட்கிறாள். அவர்கள் நிமிரும் வரை நான் காத்திருக்கிறேன். முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, "இல்லம்மா," என்கிறேன். அடுத்த கடைக்குப் போகிறோம்.